மலையிறங்கும் வண்டி

கண்டி மாநகரைப் பண்டை அரசர்கள் தலைநகராகக் கொண்டதற்கு அதன் எழில் ஒரு காரணமாயிருக்கலாம். அதனை அடைவதிலிருந்த அருமை அதனினும் பெரிய காரணமாகும். நாற்புறமும் மலைகள்; அவற்றிடையே வளைந்தோடும் மகாவலி கங்கை; ஒற்றையடிப் பாதைகளன்றி வேறு வழியில்லாத கணவாய்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோர நாட்டை ஒருவர்பின் ஒருவராகக் கைப்பற்றி ஆண்ட காலத்திலும் கண்டி இராச்சியம் தனித்து நின்றது. 1815ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் வசமானது. அதன் பின்னரே அகன்ற வீதிகள் அமைக்கப்பட்டன. இன்று கண்டியிலிருந்து கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஒரு குடும்பம் தன் சொந்த மோட்டார் வண்டியில் ஒரே பகலிற் போய்ச் சேரலாம். ஆயினும் மலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அன்று படைகளைத் தடுத்து நிறுத்திய அதே சரிவுகளிலேதான் இன்று குழந்தைகளையும் முதியோரையும் ஏற்றிய வண்டிகள் இறங்குகின்றன.

நீண்ட பயணத்துக்கு வண்டியை ஆயத்தம் செய்வது என்றதும் பெரும்பாலோர் முதலில் இயந்திரத்தையே நினைப்பர். எண்ணெய் மாற்றியாயிற்றா, பெற்றோல் நிரப்பியாயிற்றா, வண்டி இடைவழியில் நின்றுவிடாமல் ஓடுமா என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். சமதரையில் வாழ்வோருக்கு இவை பொருத்தமான கேள்விகளே. கண்டியில் வாழ்வோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி வேறு. வேண்டிய இடத்தில் வண்டி நிற்குமா என்பதே அது. ஓடாத வண்டியினால் விளைவது காலதாமதம். நிற்காத வண்டியினால் விளைவது உயிரிழப்பு.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் கண்டி அமைந்துள்ளது. அங்கிருந்து புறப்படும் பெருவீதிகளை நோக்கினால் இக்கேள்வியின் பொருள் விளங்கும். மேற்கே கொழும்பு செல்லும் வீதி பேராதனையைக் கடந்து, கடுகண்ணாவையில் மலைவிளிம்பை அடைந்து, மாவனெல்லை நோக்கிச் சுழன்று இறங்குகிறது. வடக்கே யாழ்ப்பாணம் செல்லும் வீதி கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை வழியாகத் தம்புள்ளைச் சமவெளிக்கு இறங்கி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 320 கிலோமீற்றர் ஓடி யாழ்நகரை அடைகிறது. கிழக்கே திகனை, தெல்தெனியா வழியாகச் செல்லும் வீதி உன்னஸ்கிரியப் பக்கமாக மேலேறி, பின்னர் ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகளில் மகியங்கனைச் சமவெளிக்கு விழுகிறது. தெற்கே கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதி ஒன்றே மேல்நோக்கி ஏறுவது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு அது கொண்டு செல்கிறது. அவ்வழி ஏறியவரும் திரும்புகையில் இறங்கியே ஆகவேண்டும்.

இவற்றுள் கடுகண்ணாவை வீதியின் வரலாறு அறியத்தக்கது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில், கப்டன் டோசன் என்னும் பொறியியல் அதிகாரியின் மேற்பார்வையில் அது அமைக்கப்பட்டது. மலையைத் துளைப்பவரே கண்டியை வெல்வர் என்றொரு நம்பிக்கை அந்நாளில் நிலவியதாகச் சொல்லப்படுவதுண்டு. கடுகண்ணாவைப் பாறையில் வீதிக்கெனக் குடையப்பட்ட துளை இன்றும் இருக்கிறது. டோசன் 1829ஆம் ஆண்டில் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் வழிப்போக்கரின் கண்ணிற் படும்படி நிற்கிறது. 1832ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வீதி மாட்டு வண்டிகளின் வேகத்தையும் குதிரை வண்டிகளின் வேகத்தையும் எண்ணி வகுக்கப்பட்டது. பின்னர் அது பலமுறை அகலப்படுத்தப்பட்டதாயினும் மலையின் சரிவு மாறவில்லை. மாறியது வண்டிகளின் நிறையும் வேகமுமேயாகும்.

இறக்கத்தில் வண்டிக்கு நேர்வது யாது? உயரத்திலுள்ள பொருள் ஒவ்வொன்றும் தன் நிறைக்கும் உயரத்துக்கும் ஏற்ற ஆற்றலைத் தன்னுள் அடக்கியுள்ளது. கீழிறங்கும்போது அவ்வாற்றல் வேகமாக மாற முயல்கிறது. வேகம் ஏறாமற் காக்கவேண்டுமாயின் அந்த ஆற்றலை வேறேதேனும் ஒன்றாக மாற்றியாகவேண்டும். பிறேக் அதனை வெப்பமாக மாற்றுகிறது. ஒரு சிறிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். குடும்பத்தினரும் பொதிகளும் ஏறிய மோட்டார் வண்டியொன்றின் நிறை 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். கண்டிக்கும் மகியங்கனைக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு ஏறக்குறைய 400 மீற்றர். வண்டி இவ்வுயரத்தை இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 18 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இடையே வீதி உன்னஸ்கிரியப் பக்கமாக ஏறி இறங்குவதால் உண்மையான இறக்கம் இதனிலும் அதிகம். ஒரு பெரிய குடத்து நீரைக் கொதிக்கவைக்கும் அவ்வெப்பத்தை, ஓட்டுபவர் பிறேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குவாராயின், நான்கு சில்லுகளுக்குள் அடங்கிய சில இரும்புத் தட்டுகளும் உருளைகளும் தாங்கவேண்டியிருக்கும்.

அவ்வாறு அளவுக்கு மிஞ்சி வெப்பமேறுங்கால் இரண்டு கேடுகள் விளையலாம். முதலாவது, உராய்வுப் பட்டைகள் தம் பிடிப்பை இழத்தல். கராஜ்களில் பிறேக் பாட் என்றும் லைனிங் என்றும் வழங்கப்படும் இப்பட்டைகள், குறித்ததோர் எல்லைக்கு மேல் சூடேறினால், மிதி உறுதியாக இருந்தபோதிலும் வண்டியின் வேகத்தைத் தணிக்கமாட்டா. இரண்டாவது கேடு இதனினும் கொடியது. மிதியில் காலூன்றும் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்வது பிறேக் எண்ணெய் என்னும் திரவம். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்பினது. பெருவழக்கிலுள்ள ‘டொட் 3’ வகைப் பிறேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரையேனும் கொதியாது நிற்கவேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பின் அவ்வெல்லை 140 பாகை வரை தாழ்ந்துவிடக்கூடும். கொதித்த திரவம் ஆவிக் குமிழிகளாகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்கவியலாது. ஆவியையோ எளிதிற் சுருக்கலாம். ஆகவே, ஓட்டுபவர் மிதியை மிதிக்கும்போது ஆவி சுருங்குகிறதேயன்றி விசை சில்லை அடைவதில்லை. மிதி பஞ்சினை மிதிப்பதுபோல் தரைவரை தாழ்ந்துவிடுகிறது.

இவ்வாபத்து ஏட்டளவில் நிற்பதன்று. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா – ராதெல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் வண்டியொன்று இறக்கத்தில் ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. எழுவர் உயிரிழந்தனர். பிறேக் செயலிழந்ததே காரணமென அப்பொழுது கூறப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே 11ஆந் திகதி கொத்மலைப் பகுதியில், றம்பொடை வீதியில், பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் நேர்ந்த மற்றொரு பஸ் விபத்து 15 பேரைப் பலிகொண்டது. விபத்துகளின் காரணங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனினும், மலைவீதியில் ஒரு கணத் தவறுக்குக் கொடுக்கவேண்டிய விலை சமவெளியிற் கொடுக்கும் விலையன்று என்பதை அவை யாவும் உணர்த்துகின்றன. ராதெல்லையில் மோதுண்ட வானில் இருந்தோர் தம் வழியே சென்றுகொண்டிருந்தவர்கள் என்பதும் கருதத்தக்கது. பிறேக்கைப் பேணுவது தன் குடும்பத்துக்கு மட்டுமன்றி, எதிரே வரும் குடும்பத்துக்கும் செய்யும் கடமையாகும்.

ஆகவே ஆயத்தம் பிறேக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும். நான்கு சில்லுகளையும் கழற்றி உராய்வுப் பட்டைகளின் தடிப்பைப் பார்ப்பித்தல் முதல் வேலை. 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த பட்டைகளோடு மலையிறங்குதல் விவேகமன்று. பிறேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை முற்றாக மாற்றுதல் வேண்டும்; குறைந்த அளவை ஊற்றி நிரப்புவதனால் மட்டும் பழைய எண்ணெயிலுள்ள ஈரம் நீங்கிவிடாது. எண்ணெயின் மட்டம் அடிக்கடி தாழ்ந்தால் எங்கோ கசிவுள்ளது என்பது பொருள். குழாய்களையும் சில்லுகளின் உட்புறத்தையும் மெக்கானிக் சோதிக்கட்டும். கைப்பிறேக்கையும் மறத்தலாகாது. வீட்டருகே ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, கைப்பிறேக் ஒன்றே அதனைத் தாங்குகிறதா எனப் பார்த்தால் அதன் நிலை தெரிந்துவிடும்.

பிறேக் எத்துணைச் சிறந்ததாயினும் அதனை மட்டும் நம்பி இறங்குதல் கூடாது. இயந்திரத்தையே தடையாகப் பயன்படுத்தும் வழக்கம் பழைய லொறி ஓட்டுநர் யாவரும் அறிந்தது. எந்தக் கியரில் ஏற்றத்தை ஏறவேண்டுமோ அந்தக் கியரிலேயே இறக்கத்தை இறங்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. தாழ்ந்த கியரில் இருக்கும்போது சில்லுகள் இயந்திரத்தைச் சுழற்றவேண்டியிருப்பதால் வண்டி தானாகவே அடங்கி இறங்கும். இறக்கம் தொடங்கு முன்பே கியரைக் குறைத்தல் வேண்டும். வேகம் ஏறிய பின் குறைக்க முயலுதல் காலங் கடந்த செயலாகும். பிறேக்கை இடைவிடாது மெல்ல அழுத்திக்கொண்டிருப்பதிலும், வேகம் மிகும்போது உறுதியாக அழுத்தித் தணித்துவிட்டு, மீண்டும் காலை எடுத்து அதற்கு ஆறுதல் கொடுப்பது நல்லது.

எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு கியரை விடுவித்து, சிலர் இயந்திரத்தையும் நிறுத்தி, வண்டியை உருளவிடுவர். இதனைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. இயந்திரம் நின்றால் பிறேக்குக்குத் துணைசெய்யும் விசையும் சுக்கானை எளிதாக்கும் விசையும் நீங்கிவிடும். மேலும், இக்கால வண்டிகள் பலவற்றில், கியரில் இருந்தவாறே காலை எடுத்து இறங்கும்போது இயந்திரத்துக்குச் செல்லும் எரிபொருள் தானாகவே நிறுத்தப்படுகிறது. ஆகவே உருளவிடுவதனாற் கிடைப்பதாக நினைக்கும் இலாபமும் அங்கு இல்லை.

தானியங்கிக் கியர் கொண்ட வண்டிகளிலும் இறக்கத்துக்கெனத் தாழ்ந்த நிலைகள் உண்டு. மின்கலமும் பெற்றோலும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாவது எழுத்தாற் குறிக்கப்படும் நிலை இதற்கென்றே அமைந்தது. இவ்வண்டிகள் இறக்கத்தில் ஆற்றலை மின்சாரமாக்கிப் பற்றரியிற் சேர்க்கும் திறனுடையன. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அத்திறன் ஓய்ந்துவிடும். பின்னர் இயந்திரத்தின் தடையும் சாதாரணப் பிறேக்குமே துணை. கண்டியில் ஹைபிரிட் வண்டியை வாங்கி, நகரத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகிய பலர் அந்த எழுத்தை ஒருபோதும் பயன்படுத்தாமலே இருந்துவிடுகின்றனர். முதன்முதலாகப் பதினெட்டு வளைவில் அதனைத் தேடுதல் தகாது. அவ்வண்டிகள் சிலவற்றில் பற்றரிக்குக் குளிர்காற்று செல்லும் துவாரம் பின்னாசனத்தின் அருகே உள்ளது. தலையணையும் துணிப்பையும் அதனை அடைத்துக்கொண்டால் பற்றரி சூடேறிப் பழுதுறும்.

பிறேக் சில்லை நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர். நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கை நிலத்திலேதான் குடும்பம் முழுவதும் தங்கியிருக்கிறது. டயரின் வெட்டுகள் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்கவேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். மழை மிகுந்த மலைநாட்டுக்கு அதனிலும் ஆழம் வேண்டும். ஆழம் ஒன்றையே பார்த்தலும் போதாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும். அதிகம் ஓடாது நின்ற வண்டியின் டயர் பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் இறப்பர் இறுகி வெடிப்புக் காண்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் இலங்கை வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பல வயதேறியவை. அவற்றின் பாகங்களை இன்னும் நுணுகிப் பார்த்தல் அவசியமாகிறது.

டயரில் இருக்கவேண்டிய காற்றின் அளவு ஓட்டுபவரின் கதவோரத்தில் ஒட்டப்பட்ட தாளிற் குறிக்கப்பட்டிருக்கும். சிறிய வண்டிகளுக்கு அது பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரையாகும். முழுப் பாரத்துக்கு வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றவேண்டும். டயர் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலே அளத்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஓட்டத்தில் வளைந்து வளைந்து சூடேறுகிறது. மலையில் அதனால் தீங்கு தெரியாதிருக்கலாம்; தம்புள்ளைக்கு வடக்கே, நேரான வீதியில், நண்பகல் வெயிலில், வேகமாகச் செல்லும்போதே அது வெடிக்கும். மேலதிகச் சில்லையும் அளந்து வைத்தல் வேண்டும். ஜாக்கியும் நட்டுத் திறப்பானும் இருப்பதோடு அமையாது, சில்லு நட்டுகள் கழற்றக்கூடியனவா என வீட்டிலேயே ஒருமுறை முயன்று பார்த்தல் நன்று. சரிவில் வண்டியை நிறுத்திச் சில்லு மாற்ற நேரிடின் அணைகொடுக்க இரண்டு மரக்கட்டைகளையும் கொண்டு செல்லவேண்டும்.

இறங்கிய வண்டி திரும்பி ஏறவும் வேண்டுமன்றோ? வெயிலில் நெடுந்தூரம் ஓடிக் களைத்த இயந்திரம் பயணத்தின் முடிவிலேயே மலையேற வேண்டியிருப்பது கண்டிவாசிகளின் விதி. மாத்தளைக்கு அப்பாலோ மாவனெல்லைக்கு இப்பாலோ பொனற்றைத் திறந்துவைத்து, ஆவி பறக்க வீதியோரத்தில் நிற்கும் வண்டிகளைக் காணாதார் இலர். றேடியேற்றரில் வெறும் குழாய்நீரை ஊற்றி வருதல் துருவுக்கும் அடைப்புக்கும் இடங்கொடுக்கும். அதற்குரிய குளிர்திரவத்தையே பயன்படுத்தவேண்டும். இறுக மூடிய றேடியேற்றருக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் அங்குள்ள நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கிறது. மூடியைச் சூட்டோடு திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அக்கணமே கொதித்து முகத்திற் பாயும். மூடியின் இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அழுத்தம் நில்லாது, கொதிப்பும் முந்தும். உயரமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே சிறியதொரு மூடி, விசிறி, பட்டி, இறப்பர்க் குழாய்கள் என்பன மலையேறும் வண்டிக்கு அற்பப் பொருள்களல்ல.

அடுத்தது பார்வை. கண்டியில் தென்மேற்குப் பருவமழை, வடகீழ்ப் பருவமழை இரண்டும் பெய்யும்; இடைக்காலத்தில் மாலையில் இடிமழையும் உண்டு. றம்பொடைக் கணவாயில் பட்டப்பகலிலேயே மூடுபனி கவிந்துவிடும். வைப்பரின் இறப்பர் நாக்குகள் விலை குறைந்தவை. ஆயினும் பெருமழையில் ஓட்டுபவரின் கண்ணே அவைதாம். முன்விளக்கு, பின்விளக்கு, பிறேக் விளக்கு, திருப்பச் சைகை விளக்கு ஆகியவற்றை ஒருவர் உள்ளிருந்து இயக்க, மற்றொருவர் வெளிநின்று பார்த்துச் சொல்லலாம்; வீட்டிலுள்ள சிறுவர் இவ்வேலையை மகிழ்வோடு செய்வர். மூடுபனியில் விளக்கை உயர்த்தினால் ஒளி பனியிற் பட்டுக் கண்ணையே கூசச்செய்யும். தாழ்த்திய விளக்கே ஏற்றது. ஹபரணை வழியே திருகோணமலை செல்வோர் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பொதியேற்றுவதிலும் ஓர் ஒழுங்குண்டு. பாரமானவை அடியிலும், பின்னாசனத்தை ஒட்டியும் இருத்தல் வேண்டும். கூரைமேல் பாரம் ஏற்றினால் வண்டியின் நிறைமையம் உயர்ந்து, வளைவுகளில் வெளிப்புறமாகச் சாயும் இயல்பு மிகும். முன்புறத்துத் தரையில் தண்ணீர்ப் போத்தலோ செருப்போ உருளவிடலாகாது. இறக்கத்தில் அது முன்னோக்கி உருண்டு பிறேக் மிதியின் கீழே சிக்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ரூபா செலவிட்டுச் செப்பனிட்ட பிறேக்கை ஒரு வெற்றுப் போத்தல் பயனற்றதாக்கிவிடலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னாசனத்தில் அமர்தல் அன்பின் செயல்போலத் தோன்றும். மோதலின்போது எந்தத் தாயின் கரங்களும் குழந்தையைப் பிடித்து நிறுத்தவியலா. பின்னாசனமும் ஆசனப்பட்டியும், சிறு குழந்தைகளுக்கு அவர்களுக்குரிய ஆசனமுமே உண்மையான பாதுகாப்பு.

சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவை காலாவதியாகாதிருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. பொலிஸின் அவசர இலக்கம் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இம்மூன்றையும் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வேலைகளை எப்பொழுது செய்வது? புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாலையில் கராஜுக்கு ஓடுவதே பலரின் வழக்கம். அவசரத்திற் செய்த வேலையைச் சோதித்துப் பார்க்க அவகாசம் இருப்பதில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே பழுதுபார்த்துவிட்டு, அவ்வாரம் முழுவதும் வழக்கம்போல் வண்டியை ஓட்டினால், பூட்டாது விட்ட ஆணியும் இறுகாத குழாயும் ஊருக்குள்ளேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்டிவாசிகளுக்குச் சோதனைக்களம் வாசலிலேயே உண்டு. ஹந்தானைச் சரிவிலோ அனிவத்தை மேட்டிலோ ஒருமுறை ஏறி இறங்கி வந்தால், பிறேக்கின் நிலையும் றேடியேற்றரின் நிலையும் ஒருங்கே தெரிந்துவிடும்.

வீதியும் ஆயத்தமாக இருக்கிறதா என விசாரித்தல் வண்டியை ஆயத்தம் செய்வதன் ஒரு பகுதியேயாகும். 2025ஆம் ஆண்டு நவம்பரில் கடுகண்ணாவைப் பகுதியில் ஏற்பட்ட மண்சரிவினால் கொழும்பு – கண்டி வீதி மூடப்பட்டது. அம்மாத இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளி மலைநாடெங்கும் பெருஞ் சேதம் விளைத்தது. அதனால் மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண்சரிவு பற்றிய எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. அடைமழையின்போது அவற்றைக் கேளாமற் புறப்படுதல் கண்ணைக் கட்டிக்கொண்டு புறப்படுவதை ஒக்கும். அக்குறணைப் பகுதியில் வெள்ளம் வீதியை மூடுவதும் உண்டு. ஆழமற்ற நீரைக் கடந்து வந்தவர்கள் சிறிது தூரம் பிறேக்கை மெல்ல அழுத்தி ஓட்டி, அதன் ஈரத்தை உலர்த்திக்கொள்ள வேண்டும்.

பயணத்தின் இடையிலும் ஆயத்தம் தொடர்தல் வேண்டும். யாழ்ப்பாணம் செல்லும் வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலருகே வண்டிகள் நிற்பது நெடுங்கால வழக்கம். குடும்பத்தினர் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மீண்டும் ஏறுவர். அத்தகைய தரிப்பு ஒவ்வொன்றிலும் ஓட்டுபவர் வண்டியை ஒருமுறை சுற்றிவரலாம். டயரில் ஆணி ஏறியுள்ளதா, அடியில் எண்ணெய் சொட்டுகிறதா, ஒரு சில்லினருகே மட்டும் அளவுமீறிய வெப்பம் வீசுகிறதா என்பதையெல்லாம் அறிய ஐந்து நிமிடமே போதும். ஒரு சில்லு மட்டும் தனித்துச் சூடேறினால் அதன் பிறேக் சிக்கிக்கொண்டிருத்தல் கூடும்.

இறக்கத்தில் கருகல் நாற்றம் எழுந்தாலும், மிதி வழக்கத்தினும் தாழ்ந்தாலும், அடுத்த ஊர்வரை சமாளிப்போம் என்று எண்ணுதல் ஆகாது. இடங்கண்ட உடனே நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, பிறேக்கைத் தானாக ஆறவிடவேண்டும். கொதிக்கும் இரும்பின்மேல் நீரை ஊற்றினால் அது வெடிக்கவோ கோணவோ கூடும். பிறேக் முற்றாகக் கைவிட்ட வேளையிலும் செய்யத்தக்கவை சில உள. மிதியை விரைந்து பலமுறை மிதித்தல். கியரைப் படிப்படியாகக் குறைத்தல். கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தல். வேறு வழியில்லையெனில் பள்ளத்தின் பக்கம் விடாது மலைப்பக்கத்து மண்மேட்டோடு வண்டியை உரசவிடுதல். இவற்றை அந்நேரத்திற் சிந்தித்தறிய இயலாது. முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பவருக்கே அவை கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஓர் ஆயத்தம் எஞ்சியிருக்கிறது. அது மனத்தைச் சார்ந்தது. திருமணத்துக்கு நாள் குறித்தாயிற்று, நல்லூர்த் தேருக்கு நேரமாயிற்று, பிள்ளைகள் உடுத்து நிற்கின்றனர் என்ற நிலையில், மிதி சரியில்லை, இன்று புறப்படவேண்டாம் என்று சொல்லும் துணிவே அது. அவ்வாறு சொல்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அன்று வீட்டாரின் மனத்தாங்கலுக்கு ஆளாவது உறுதி. பஸ்ஸிலோ புகைவண்டியிலோ செல்ல நேரிடலாம். ஒரு நாள் பிந்தலாம். பிந்திச் சென்றவரை உறவினர் சிரித்து வரவேற்பர். மலைநாட்டில் வாழ்வோர் வண்டியின் சாவியைக் கையிலெடுக்கும்போதெல்லாம் கருதவேண்டியது இதுவே: ஏறுவதற்கு இயந்திரம் போதும், இறங்குவதற்கு நல்ல பிறேக்கும் நிதானமும் சேர்ந்தே வேண்டும்.